மே/பா மாதா கோயில்

போன வருசத்துக் குருத்தோலைகளைப்
பழைய பெயிண்ட் டின்னில் போட்டு எரித்தேன்.
ஒரு கைப்பிடிதான் தேறியது.
ஆற்றிடம் கேட்டிருந்தால்
ஒரு லாரி தந்திருக்கும்.

குழாய் வெடித்து இருபது நாள்.
கொசஸ்தலையின் வாய்க்குள்
அனல்மின் சாம்பல், முழங்கால் ஆழம்.
பிலவேந்திரன் வலையில் அன்று ஏறியவை
நாலு மடவை, ஒற்றைச் செருப்பு,
சிமெண்டாய் இறுகிய ஒரு நண்டு.
நண்டைப் பையில் போட்டு
மனுவோடு கட்டினான்,
'இணைப்பு: 1' என்று எழுதச் சொல்லி.

மனு என் கையெழுத்து.
அன்பியத்துச் செயலாளர்,
பத்தாவது ஃபெயில்,
எழுத்து மட்டும் அச்சு மாதிரி.
கீழே முந்நூற்றுப் பதினோரு பேர்.
அதில் நாற்பத்து மூன்று
ஒடியாவில், இந்தியில், கட்டைவிரலில்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
நாற்பத்து மூன்றையும் சிவப்பில் சுழித்தார்.
"இவங்களுக்கு அட்ரஸ் இல்லையேம்மா."

இருக்கிறது சார்.
குழாய்க்குப் பக்கத்தில் தகர ஷெட்.
மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே பாய்,
வேர்வை காய நேரமில்லாத பாய்.
கதவே இல்லை சார்,
கதவெண்ணுக்கு எங்கே போவது?

இதை அங்கே சொல்லவில்லை.
திரும்பி வரும் பஸ்ஸில்தான் சொன்னேன்,
ஜன்னல் கம்பியிடம்.

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம்.
"மீன் பிடிக்கிறவன் பிரச்சனை வேற,
சாம்பல் அள்ள வந்தவன் பிரச்சனை வேற.
பாதிப் பேர் நம்ம வேதமே இல்ல"
என்றார் பொருளாளர் இஞ்ஞாசி.
தைனிஸ் சாமி கூரையைப் பார்த்தார்.
அவர் பேசியிருக்கலாம்.
பேசியது செலஸ்தீனாள்,
மீன் செதில் ஒட்டிய கையை ஆட்டி:
"எங்கப்பன் பர்மாலேர்ந்து கப்பல்ல வந்து எறங்கசொல்ல
அவன் கையில இன்னா
டோர் நம்பரா இருந்துச்சி?"

யாரும் சரியென்று சொல்லவில்லை.
வேண்டாமென்றும் சொல்லவில்லை.
கோயில் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தேன்.
ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும்
மே/பா மாதா கோயில், எண்ணூர்.
நாற்பதாவதில் மை தீர்ந்தது.
எச்சில் தொட்டு முடித்தேன்.

சாம்பல் புதன்.
ரம்ஜான் பிறையும் அதே வாரம்.
காலை ஆறு மணிப் பூசைக்கு
இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான்
ராயிமன் டிகால், கந்தமால்காரன்.
குளிக்கவில்லை, தண்ணீர் லாரி வரவில்லை.
புருவம், இமை, காதுமடல், எல்லாம் சாம்பல்.
சாமி விரலைத் தொட்டு நெற்றியில் இழுத்தார்.
சாம்பல் மேல் சாம்பல், தெரியவில்லை.
இன்னும் அழுத்தி இழுத்தார்.
அழுக்கு வழிந்து
தோலின் நிறத்தில் சிலுவை வந்தது.
"மனிதனே, நீ மண்ணாய்..." என்றவர்
மீதியை விழுங்கிவிட்டார்.
அன்றைக்கு முதல் ஆளாக நடந்தது அவர்தான்,
அங்கி விளிம்பைத் தூக்கிப் பிடித்தபடி.

கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தோம்.
தவக்காலம் எங்களுக்கு,
நோன்பு மஞ்சூருக்கும் அவன் ஷெட்டுக்காரர்களுக்கும்.
சாலையில் கண்டெய்னர் லாரிகள்
புழுதியை எல்லோருக்கும் ஒன்றாய்ப் பரிமாறின.
சர்க்கரை வியாதிக்காரி செலஸ்தீனாள்
முந்தானைக்குள் ரெண்டு பிஸ்கட் தின்றதை
நான் பார்க்கவில்லை.
மாலையில் மொகிதீனின் லோடு ஆட்டோவில்
பள்ளிவாசல் கஞ்சி வந்து இறங்கியது.
ஆவி பறந்தது, வயிறு இரைந்தது.
யாரும் சொல்லாமலே
பாங்கு கேட்கும்வரை
நாங்களும் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தபால்காரர்
ஒரு கட்டை மேசையில் போட்டார்.
"இது கோயிலா, ஹாஸ்டலா?"
நாற்பத்து மூன்று கவர்,
நாற்பத்து மூன்றிலும் ஒரே வரி:
தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.
ராயிமன் தன்னுடையதை லேமினேட் செய்துகொண்டான்.
இந்த ஊரில் அவன் பெயருக்கு வந்த
முதல் கடிதம்.
தமிழ் படிக்கத் தெரியாது. தடவிப் பார்த்தான்.

ஒன்றை மட்டும் வாங்க ஆள் வரவில்லை.
பிகாஷ் ஜானி. எங்கே அனுப்பினார்கள் என்று
கங்காணிக்கும் தெரியவில்லையாம்.
அது என் கணக்குப் புத்தகத்தில்
மே மாதப் பக்கத்தில் இருக்கிறது.

குழாய்க்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.
ஒட்டு கசிகிறது.
ஸ்டாம்ப் மை, முப்பது ரூபாய், என்று எழுதி நீட்டினேன்.
எதற்கென்று கேட்காமல்
கையெழுத்துப் போட்டார் இஞ்ஞாசி.