கொத்தாய் பெத்தா

காலை ஏழரைக்கே டோக்கன் வரிசை
வெயிலுக்குள் நீண்டுவிடுகிறது.
பர்த்வானிலிருந்து, மால்தாவிலிருந்து
இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்தே வந்தவர்களுக்கு
நான்தான் வாய்.
ஒரு நாளைக்கு எழுநூறு ரூபாய்,
மத்தியானம் லாட்ஜ்காரர் தரும் சோறு.

பாபுராவ் தெருவில் அறைச் சாவி கொடுத்துக் கொடுத்தே
பத்து வருஷத்தில் படிந்த வங்காளம் என்னுடையது.
எழுதத் தெரியாது.
முதலில் கற்றது, கொத்தாய் பெத்தா.
எங்கே வலிக்கிறது.
கொஷ்டோ என்றால் நம்முடைய கஷ்டம்தான்,
வாயைக் கொஞ்சம் உருட்டிக்கொண்டால் போதும்.
ராக் மட்டும் ராகம் இல்லை. கோபம்.

இன்று நிமாய் மண்டல்.
தொண்டையில் கத்தி பட்டுப் பதினோரு நாள்.
தையல் ஆறிவிட்டது, பேசலாம் என்கிறார் டாக்டரம்மா.
அவர் பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே மொட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்,
அது ஏதோ அவருக்குக் கடன் பாக்கி போல.

வலிக்கிறதா, கேளுங்கள்.
கேட்டேன்.
பதில் மனைவியிடமிருந்து வந்தது:
பெத்தா நா. ஓபிமான்.
மீன்குளத்தை இவரைக் கேட்காமல் விற்றுத்தான்
இந்தத் தொண்டையை மீட்டாளாம்.

ஓபிமான்.
நம் ஊரில் அபிமானம் என்றால்
கட்சிமேல் இருப்பது, நடிகர்மேல் இருப்பது.
அவள் சொன்னது அது இல்லை.
வேற்று ஆளிடம் வராத ஒரு கோபம்.
டாக்டரம்மா பேனாவோடு காத்திருக்கிறார்,
வெளியே இன்னும் முப்பது பேர்.
பத்தாவதில் தமிழய்யா
பொருள் சொல்லாமல் தாண்டிப்போன வார்த்தை ஒன்று
எங்கிருந்தோ நாக்கில் வந்து நின்றது.
ஊடல், டாக்டர்.

அவர் சீட்டில் எதையும் எழுதவில்லை.
பேனாவுக்கு மூடி போட்டார்.
அந்த மனிதரின் காலை ஒருமுறை தட்டிவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எங்கள் வீட்டில் ஒன்பது நாளாகிறது.
சீட்டுப் பணம் நாற்பதாயிரம், என் பெயரில் கட்டியது.
எடுத்து, தம்பி வண்டிக்கு இன்ஜின் போட்டுக் கொடுத்தார் தயாநிதி.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.
அதைச் சொல்லவே வாய் வரவில்லை,
முதல் நாள் ரோஷத்தில்,
நாலாம் நாளிலிருந்து பழக்கத்தில்.

சலவன்பேட்டையில் எங்களுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளன் உண்டு.
இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கூலி கிடையாது.
"கொழம்பு போதுமான்னு உங்கப்பன கேளு" என்றால்
"அப்பா, அம்மா முள்ளுக்கத்திரிக்கா கொழம்பு
உனக்கோசரம்தான் வச்சிச்சாம்" என்கிறான்.
அவர் "உம்" என்றால்
"சூப்பரா கீதாம்மா" என்று கொண்டுவந்து சேர்க்கிறான்.
எனக்குத் தெரியாதா?
இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொன்னதை
ஊருக்குப் போய் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார்கள் என்று
நானும் மாற்றியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை.
அன்றைக்குப் பணம் வாங்கவில்லை.

ராத்திரி பத்தே முக்கால். ஆட்டோ வந்து அணைகிறது.
பையன் ஃபேனுக்கு நேர்கீழே
ஒரு கால் சுவரில், ஒரு கால் என் தலையணையில்,
தூங்கிவிட்டான்.
நடுவில் ஆள் இல்லை.

காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் பகலெல்லாம் குலுங்கியவர்
செருப்பைக் கழற்றக் குனிந்து
அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற கேள்வி
என்னைக் கேட்காமலே வெளியே வந்தது.
கொத்தாய் பெத்தா?

"இன்னா?" என்றார்.

ஒன்பது நாளில் ஒரு சொல்.
பையன் புரண்டு படுத்தான், எழவில்லை.
அதையே தமிழில் கேட்க
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சுவரில் கை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.
மொதல்ல, இடுப்பு
என்றார்.