குளிர் ஓடு

கூத்தாநல்லூர் நகராட்சி
கேட்டதெல்லாம் செய்தாயிற்று.
மேல்தளத்தில் வெள்ளை ஓடு.
மேற்குச் சுவருக்குள்
இரண்டங்குலம் தெர்மாகோல்.

ஓவர்சியர் தமயந்தி
துப்பாக்கி மாதிரி ஒன்றைக்
கூரைக்கு நேரே பிடித்தார்.
முப்பத்து மூன்று.
வெளியே சித்திரை, நாற்பதைத் தாண்டி.
"பரவாயில்லையே" என்று
முழங்கால்மேல் வைத்தே
முத்திரை குத்தினார்.

மை காய்வதற்குள் மாடிக்குப் போனேன்.
கண் கூசியது.
என் கூரை வேண்டாமென்ற வெயில்
வெண்ணாற்றுக்கா போயிருக்கும்?

எதிர்மாடி நூருல் அமீன் வீட்டில்
ஜன்னலுக்கெல்லாம் புதுத் திரை,
கெட்டி நீலம்.
அதற்குப் பின்னால்
பட்டப்பகல் இரண்டு மணிக்கு
டியூப்லைட் எரிகிறது.

கூப்பிட வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.
நகராட்சிக் குழாய் வராத மாசியில்
இந்தச் சுவர் இறுக
மூன்று வாரம் தண்ணீர் விட்டது
அவர் மோட்டார்.