குதிகால்

உலோகம் எதுவும் உள்ளே கூடாது என்றேன்.
அரைஞாண் கயிற்றின் தாயத்து, மோதிரம், சில்லறை,
கடைசியில் கழுத்திலிருந்து ஒரு விசில்.
"டூட்டி இல்லைன்னாலும் மாட்டிக்கிறது"
என்றார். ஒவ்வொரு சொல்லும்
படி தேடி இறங்கியது.

சேவுகன். வயது முப்பத்தாறு.
காரைக்குடி – திருப்பத்தூர் தடத்தில் கண்டக்டர்.
சீட்டில் எழுதியிருந்தது: தள்ளாட்டம், காரணம் தெரியவில்லை.
டெப்போவுக்குக் காரணம் தெரிந்திருந்தது.
ஊதச் சொன்னார்கள். கருவி பூஜ்யம் காட்டியது.
கருவி பழுது என்று எழுதிவைத்து
அவரை சஸ்பெண்டு செய்தார்கள்.

செக்காலையில் எங்கள் ஸ்கேன் சென்டர்.
யாரோ பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் பின்கட்டு,
உள்ளே செம்புத் தகடு அடித்த அறை.
நான் படம் எடுப்பவள்.
என்னம்மா தெரியுது என்று கேட்டால்
"டாக்டர் சொல்வார்."
பதினோரு வருஷமாய் எனக்கு இந்த ஒரே வசனம்.

எல்லோரும் தலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.
தலை குகைக்குள் போனபின்
எனக்கு மிஞ்சுவது பாதங்கள்:
பித்தவெடிப்பு, மருதாணிக் கறை,
மெட்டி கழற்றிய வெளுப்பு.
அன்று முட்டிக்கடியில் தலையணை செருக
அவர் காலைத் தூக்கினேன்.
குதிகாலுக்கு மேலே, நாண் இறங்கும் இடத்தில்
விரல்கள் நின்றுவிட்டன.
பெருநெல்லி அளவு. கெட்டி. வலியில்லை.
அடுத்த காலிலும் அதே.
"செருப்புக் காய்ப்பு தங்கச்சி.
பத்து வருஷமா ஓடுற பஸ்ல நிக்கிறேன்ல."

நாற்பது நிமிஷம் அசையக் கூடாது என்றேன்.
"அது ஒண்ணுதான் இப்ப நல்லா வருது."

வியாழக்கிழமை டாக்டர் சாத்தப்பன் வந்தார்.
வசனத்தை மீறினேன். சார், காலையும் பாருங்க.
அவர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்:
சிறுமூளையின் ஆழத்தில், இருபுறமும்,
வெளிச்சம் இருக்கக் கூடாத இடத்தில்
இரண்டு வெள்ளைத் திட்டுகள்.
நாற்காலி மெல்லத் திரும்பியது.
"எந்தக் கால்?"
"ரெண்டும் சார்."

பிறகு யாரும் கேட்டிராத கேள்விகள்.
கண்? பதிமூணு வயசுல புரை எடுத்தாங்க.
வயிறு? சின்னதுலேருந்தே ஓயாத போக்கு.
அப்பா அம்மா? சொந்தம்தான் சார்,
நிலம் வெளிய போகக்கூடாதுன்னு கட்டிவச்சது.
நிலம் போய்விட்டது.
இதுதான் வெளியே போகாமல் இருந்திருக்கிறது.

ரத்தம் வெகுதூரம் போய் ஆறு வாரம் கழித்துப் பேர் வந்தது:
செரிப்ரோடெண்டினஸ் ஸாந்தோமடோசிஸ்.
"இவ்வளவு நீளமா? ஸ்டேஜ் பேரா இருந்தா
டிக்கெட்ல அடங்காது சார்."
டாக்டர் சிரிக்காமல் விளக்கினார்.
பித்தம் பித்தமாய் ஆகிமுடியும் முன்பே
பாதி வழியில் கொழுப்பாய் இறங்கிவிடுகிறது,
கண்ணில், நாணில், மூளையில்.
பித்தம் தலைக்கேறியதென்று ஊர் சொல்லும்.
இவருக்குப் பித்தமே பற்றவில்லை.
அதையே மாத்திரையாய்க் கொடுக்கலாம்.
மருந்து கடல் தாண்டி வரவேண்டும், விலை பயமுறுத்தும்.
போனது பெரும்பாலும் திரும்பாது, இருப்பது நிற்கும்.
"நின்னா போதும் சார்" என்றார் சேவுகன்.
கொஞ்சம் பொறுத்து,
"குடிக்கலைன்னு ஒரு காயிதத்துல எழுதித் தருவீங்களா?"

டாக்டர் எழுதினார். முத்திரையை நான் குத்தினேன்.

அவர்கள் போனபின்தான்
தட்டில் கிடந்த விசில் ஞாபகம் வந்தது.
எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.
சுவரைப் பிடித்தபடி அவர். பையோடு முன்னால்
அவர் தங்கை மலையரசி, சோடாபுட்டிக் கண்ணாடி,
இந்த ஆறு வாரமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்,
யாரும் ஒன்றும் கேட்காதவள்.
சேலையைச் சற்றே தூக்கி
வெயிலில் படி இறங்கினாள்.

ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும்.
அது என் கையில் இருந்தது.
நான் அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.