மூன்றாம் துளை

படகுக்குத் துறையோடு பகை இல்லை.
துறைக்கும் இல்லை.
ஆனாலும் ஒட்டவிட்டால் ஒன்றை ஒன்று கடிக்கும்.
நடுவில் தொங்குகிறதைப் பார்ப்பதுதான் என் வேலை.

பெண்டர் என்பார் அருளப்பு முதலாளி.
பெடியள் பந்து என்பார்கள்.
நான் எண் சொல்லிக் கூப்பிடுவேன்:
இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று,
பின்னுக்கு ஒன்று.

முதலில் பஸ் டயர்தான் கட்டினோம்.
கண்டி வீதியில் தேய்ந்தது,
கடலில் தேய மறுத்தது.
திமிங்கிலம் பார்க்க வந்தவளின் வெள்ளைக் காற்சட்டையில்
கரிக்கோடு ஒன்று இழுத்துவிட்டது ஒருநாள்.
அடுத்த கிழமை கொழும்பிலிருந்து
காற்றடைத்த வெள்ளை உருளைகள் ஏழு இறங்கின.

கயிற்றில் தொங்கவிட்டால் போதாதா?
போதாது.
இறங்குதுறைக் கல் ஓர் உயரம்,
எண்ணெய் அடிக்கிற மேடை இன்னோர் உயரம்,
நேவியின் வேகப்படகு கடந்தால்
இரண்டுமே பொய்.
திருகோணமலையில் நீர் ஏறி இறங்குவது
இரண்டு சாண்தான்.
அந்த இரண்டு சாணுக்குள்
கயிற்றைச் சரிசெய்யக் குனிந்த காலையில்
என் சின்னவிரலின் பாதி போயிற்று.

விரல் ஆறுமட்டும் யோசித்தேன்.
பாலையூற்று மில்ரோய் உருக்கித் தந்தான்:
துருவேறாத பட்டை, முழ நீளம்,
ஐந்து துளை,
சங்கிலியில் தொங்கும் ஓர் ஊசி.
ஊசியை இழு, உருளையை நகர்த்து, ஊசியைக் குத்து.
கை படகுக்கு உள்ளேயே இருக்கும்.
முதல் துளை எண்ணெய் மேடைக்கு.
இரண்டு, மற்றப் படகோடு அணைய.
மூன்று இறங்குதுறைக்கு.
நாலு பெருமழைக் காலத்துக்கு.
"ஐந்து எதுக்கடா?"
"இன்னும் கட்டாத துறைக்கு ஐயா."
முதலாளி சிரிக்கவில்லை.
ஒரு துளைக்கு எவ்வளவு எடுத்தான் மில்ரோய் என்று கேட்டார்.

கரை விட்டதும் உருளைகள் உள்ளே வரவேண்டும்,
பின்தட்டில் குழாய்க்கூடை, அதில் நிமிர்ந்து நிற்கும்.
வெளியே தொங்கவிட்டு ஓடுவது
சாரம் அவிழ்ந்தது தெரியாமல்
சந்தைக்குப் போவது போல.

வாடை பிறந்த கிழமை.
சவாரி முடிந்து படகு சும்மா கட்டிக் கிடந்தது.
விடிய வந்து பார்த்தேன்,
இடப்பக்கம் மூன்றாவது இல்லை.
பட்டை இருக்கிறது, ஊசி இருக்கிறது,
அறுந்த கயிறு மட்டும் காற்றில் ஆடுகிறது.
படகின் தோளில் உள்ளங்கை அகலக் காயம்.
சம்பளத்தில் நாலு தவணை என்றார் முதலாளி.
சரி என்றேன்.

பதினொரு நாள் கழித்து ஒரு போன்.
"தம்பி, உங்கட நம்பர் இதில எழுதியிருக்கு.
கடல் கொண்டந்து போட்டது."
கிண்ணியாப் பாலம் தாண்டி
மூதூருக்கு பஸ் ஏறினேன்.

ஹாஜறா உம்மாவின் வளவு,
ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசி.
மதிலில் ஆணி அடித்து
என் மூன்றாவது தொங்குகிறது.
"கேட்டால் கழற்றித் தாறன்.
மகன் ஓட்டோவைப் பின்னுக்கு எடுக்கிறதை மட்டும்
ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுங்க."

எடுத்தான்.
மதிலில் பழைய சிவப்புக் கீறல்கள் பதினைந்தாவது இருக்கும்,
எல்லாம் இந்த ஓட்டோவின் நிறம்.
இன்றைக்குப் பொத் என்று ஒரு சத்தம்,
தலையணையில் தலை வைத்த மாதிரி.
ஆனால் உருளை நாலு விரல் தாழ்வு;
பம்பர் அதன் நெற்றியில்தான் முட்டியது.

கழற்றினேன்.
உம்மாவின் முகத்தைப் பார்க்காமல்
ஆணியை மேலே அடித்தேன்,
இரட்டைச் சுற்று, மேலே ஓர் அரை முடிச்சு,
திரும்பக் கட்டினேன்.
"இன்னொருக்கா எடு" என்றேன் மகனிடம்.

தேத்தண்ணி வந்தது.
பிறகு, ஏன் வந்தேன் என்பதையே மறந்தவன் போல
எங்கள் கொட்டிலில் கிடக்கும் பஸ் டயரைப் பற்றிச் சொன்னேன்,
அதன் கரியைப் பற்றி.
உம்மா எழும்பிப் போய்
மெசினில் ஏதோ கடகடவென்று ஓட்டினா.

இப்போது இடப்பக்கம்,
இரண்டு வெள்ளை உருளைக்குப் பக்கத்தில்,
பச்சைப் பூப்போட்ட திரைச்சீலை உறைக்குள்
கண்டி வீதி டயர்.
"இதென்ன பூ?" என்றார் முதலாளி.

ஊசியை மூன்றாம் துளையில் குத்தினேன்.
படகு மெல்லச் சாய்ந்து
துறையில் பட்டது.
வெள்ளைச் சுவரில் கோடு இல்லை.
அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்,
நாலாவது தவணையைப் பற்றி
ஒன்றும் சொல்லாமல் போனார்.