தோன்றா எழுவாய்

புதன்கிழமை, பத்தரை மணி.
மோன்டெவீடியோ, வெளியுறவு அமைச்சின் இரண்டாம் மாடி.
பேச்சாளருக்கு மேசை, கொடி, தண்ணீர்க் கோப்பை.
எனக்கு அவருக்குப் பக்கத்தில்
இரண்டு முழ இடம்,
கறுப்புச் சட்டை, மோதிரம் இல்லாத விரல்கள்.
காது கேளாத குடிமக்களுக்கென்று
அரசு சம்பளத்துக்கு எடுத்த கைகள் இவை.

அறிக்கை நான்கே பத்தி.
பாம்பும் சாகாது, கோலும் உடையாது.
"ஆழ்ந்த கவலை" என்றார்.
நெஞ்சில் விரல்களைப் பதித்துத் திருகினேன்.
இந்த ஆண்டு இதோடு பதினேழு கவலை,
சட்டை அந்த இடத்தில் பளபளக்கிறது.
"அனைத்துத் தரப்பினரும்" என்றார்.
யார் மேலும் படாமல்
காற்றில் ஒரு வட்டம் போட்டேன்.

மூன்றாம் பத்தியில் இடறியது.
"மருத்துவமனை தாக்கப்பட்டது.
உயிர்கள் இழக்கப்பட்டன."

வாய்க்கு இது சுலபம்.
'பட்டது' என்று முடித்தால் போதும்,
செய்தவன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான்.
என் கைகளுக்கு அந்த வாசல் இல்லை.
அடி என்றால் எங்கிருந்தோ புறப்பட வேண்டும்.
விமானம் என்றால்
ஒரு தோளின் பக்கமிருந்தாவது வர வேண்டும்.

மருத்துவமனையை எனக்கு முன்னால் வைத்தேன்.
ஜன்னல்கள், இரண்டு வரிசைக் கட்டில்.
குண்டை எங்கிருந்து எடுப்பது?
இடப்பக்கம், போன மாதம் நம்மிடம்
மாட்டிறைச்சி வாங்கிய நாடு.
வலப்பக்கம், அடுத்த மாதம் வாங்கப்போகும் நாடு.
கைகள் அந்தரத்தில் நின்றன.
பேச்சாளர் அதற்குள் நான்காம் பத்தியில் இருந்தார்.

நேர் மேலே இருந்து எடுத்தேன்.

கேள்வி நேரம்.
"இதுபற்றி வாஷிங்டன் என்ன நினைக்கிறது?"
பேச்சாளர் தண்ணீர் குடித்தார்.

வாஷிங்டன் என் தம்பி.
எங்கள் நாட்டில் அப்படியும் பெயர் வைப்பார்கள்.
வாஷிங்டன் எட்சேவெரி,
பிறவியிலேயே காது கேளாதவன்.
செர்ரோவில், குளிர்கிடங்கில்,
தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு முத்திரை குத்துகிறான்.
ஒரு நாட்டுக்கு நீலம்,
இன்னொரு நாட்டுக்குச் சிவப்பு.
இடைவேளையில் மாத்தே உறிஞ்சியபடி
கைபேசியில் அக்காவைப் பார்ப்பான்.

பதினொன்றரைக்கு அழைத்தான்.
கையுறையைக் கழற்றியிருந்தான்,
விரல்களில் ஆவி.
மேலே இருந்தா? என்றான்.
இடியா?
தை மாதம்... இல்லை, நம் ஜனவரியில்
அப்பாவின் காரை நொறுக்கியதே, அந்த ஆலங்கட்டியா?
பிறகு புருவம் சுருக்கி
ஒரே ஒரு சைகை:
யார்?

அறிக்கையில் அது இல்லை, என்றேன்.
நான் கை மட்டும்தான், வாய் அவருடையது, என்றேன்.
எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது.
இவன் அந்த வாயை ஒருநாளும் கேட்டதில்லை.
இவன் வீட்டுக்கு அரசாங்கம்
என் மணிக்கட்டுகளில்தான் வந்து போகிறது.

இரவு, கண்ணாடி முன் நின்று பார்த்தேன்.
செய்தவனைச் சொல்லாமல் சொல்லவும்
எங்களிடம் வழி இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.
பார்வையை வேறெங்கோ வைத்துக்கொள்ள வேண்டும்.
கைகள் யாருடையவோ போல் அசைய வேண்டும்.
நன்றாகவே வந்தது.
அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த புதன்.
"பள்ளிக்கூடம் சேதமடைந்தது."
பதினெட்டாவது கவலை.
என் கை புறப்பட்டது,
இடத்தோளிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி.
அறையில் யாரும் திரும்பவில்லை.
எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒளிப்பதிவாளர் மட்டும்
கண்ணை வில்லையிலிருந்து எடுத்து, மறுபடி வைத்தார்.

பதினொன்றரைக்குக் கைபேசி அதிர்ந்தது.
பாராட்டுவான் என்று நினைத்தேன்.
அவன் கையுறையோடே இருந்தான்,
அதனால் சொற்கள் தடித்து வந்தன:
நீலம், இன்றைக்கு நாற்பத்திரண்டு தொடை.
கப்பல் வியாழக்கிழமை.

சங்கு ஊதியிருக்க வேண்டும்.
பக்கத்தில் ஒருவன் அவன் தோளைத் தட்டினான்,
முத்திரைக் கட்டையை எடுத்துக்கொண்டு
உள்ளே போனான்.