முப்பத்தைந்து மில்லி

எங்கள் ஆய்வகத்தில்
ஒழுக்கமாகப் புகைபிடித்தது ஓர் இயந்திரம் மட்டும்தான்.
நிமிடத்துக்கு ஓர் இழுப்பு.
இரண்டே நொடி.
முப்பத்தைந்து மில்லி.
சம்பளம் வராத மாதமென்று அது கூடுதலாய் இழுக்காது,
மழையைப் பார்த்தபடி இன்னொன்று பற்றவைக்காது,
இருமாது.

இருபது வாய் அதற்கு, எல்லாம் ரப்பர்.
இரண்டு நாள் பதமான ஈரத்தில் கிடந்த சிகரெட்டுகளை
நான்தான் ஒவ்வொரு வாயிலும் செருகுவேன்.
சக்கரம் சுற்றும்.
கண்ணாடியிழை வட்டில் மஞ்சள் ஏறும்,
டீ வடிகட்டிய துணியில் ஏறுவதுபோல்.
வட்டை எடைபோட்டு
முந்தைய எடையைக் கழித்து
மிச்சத்தைப் படிவத்தில் எழுதுவேன்:
தார் நான்கு. நிகோடின் பூஜ்யம் புள்ளி நான்கு.
கீழே கையெழுத்து.

ப்ளோவ்திவில் எங்கள் கட்டடம்
முன்பு புகையிலைக் கிடங்கு.
ஆகஸ்ட் வெயிலில் தரைப்பலகைகள்
இன்னும் தேன்போல மணக்கும்.
அந்த மணத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

அப்போதெல்லாம் அந்த எண்களைப்
பெட்டியின் விலாவில் அச்சிடுவார்கள்.
வாசல் காவலர் ஸ்தாமென்
நெஞ்சு ஒருமுறை மிரட்டிய பிறகு
அதைப் படித்துத்தான் ரகம் மாற்றினார்.
"நீ அளந்த எண், தெமெனுகா.
உன்னை நம்பாமல் யாரை நம்ப?"
என்று சொல்லிப் பற்றவைத்தார்.

மெலிசான சிகரெட்டில் மெலிசானது எது தெரியுமா?
ஃபில்டரைச் சுற்றி ஊசிமுனைத் துளைகள்,
வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம்.
இயந்திரம் நுனியை மட்டும் கவ்வும்.
துளைவழியே காற்று புகுந்து
புகையைத் தண்ணீர் மோராக்கும்.
ஸ்தாமெனின் விரல்களோ
கதவுத் தாழ்ப்பாள் தடிமன்.
விரல் பாதி, உதடு பாதி, துளை மொத்தமும் மூடும்.
போதாத நிகோடினுக்குக்
கன்னம் குழிய இழுப்பார்.

நான் சும்மா சொல்லவில்லை.
காவலறைப் பின்னால் அவர் துண்டுகள் போடும் தயிர் டப்பாவை
ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துவந்தேன்.
நாற்பத்தொன்று.
பூதக்கண்ணாடியில் அடிப்பக்கம் பார்த்தேன்.
துளை திறந்திருந்தால் நடுவில்தான் கறை இருக்கும்,
ஓரம் வெள்ளையாய் மிஞ்சும்.
அவருடையவற்றில் முப்பத்தெட்டு
ஓரத்திலிருந்து ஓரம்வரை பழுப்பு.

அன்றிரவு துளைகள்மேல் டேப் ஒட்டினேன்.
அரைநிமிடத்துக்கு ஒன்று,
ஐம்பத்தைந்து மில்லி.
இயந்திரத்தை ஸ்தாமெனாக்கினேன்.
வட்டு கறுத்தது.
எண்ணை இங்கே சொல்லமாட்டேன்.
இயக்குநரிடம் சொன்னேன்.
"முறை என்றால் முறைதான்," என்றார்
தாளைத் திருப்பாமலே.

வசந்தத்தில் டென்மார்க்கிலிருந்து ஹொல்கெர் வந்தார்,
கையில் கேள்வித்தாள், கழுத்தில் பேனா.
புகைபிடிப்பவர்களை நேரில் கேட்கவேண்டுமாம்.
எங்கள் ஊரில் தலையை இடவலமாக ஆட்டினால் ஆம்,
மேலும் கீழும் ஆட்டினால் இல்லை.
அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இழுக்கும்போது ஃபில்டரின் நடுப்பகுதியை மூடுவீர்களா?"
மொழிபெயர்த்தது நான்.
ஸ்தாமெனுக்குச் சற்று அவமானம்,
ஏதோ திருட்டைக் கேட்டதுபோல.
மேலும் கீழும் ஆட்டினார், திடமாக, இரண்டுமுறை.
ஹொல்கெர் "ஆம்" கட்டத்தில் டிக் அடித்தார்.

பதினோரு வருடத்தில்
எங்கள் ஆய்வகத் தாளில் ஏறிய
ஒரே உண்மை அது,
ஒரு தவறான தலையாட்டலில் ஏறியது.
நான் திருத்தவில்லை.

மாலை, ட்ராலிபஸ் நிறுத்தத்தில்
ஸ்தாமென் பெட்டியைத் திறந்தார்.
தீக்குச்சியைக் கிழித்துவிட்டுத்தான் கேட்டார்:
"அந்த ஆள் ஏன் அப்படிக் கேட்டான்?
இது நான்குதானே, தெமெனுகா?"

நான் அவரைப் பார்த்து
மேலும் கீழும் தலையை ஆட்டினேன்.
குச்சி
அவர் விரல்வரை எரிந்தது.