ஜீரோ பாத்துக்குங்க

மூலக்கடை பங்க்கில்
ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது சொல்வேன்:
"ஜீரோ பாத்துக்குங்க சார்."
பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள்.
மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள்.
எண் ஓடும், நிற்கும்,
மூடியைத் திருகினால் அடுத்த வண்டி.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா கேட்டார்,
"எவ்ளோ போகுது?"
ஐந்து மில்லி குறைந்தால் சண்டைக்கு வரும் ஊரில்
அளந்து ஊற்றிச் சம்பளம் வாங்குகிற நான்
"நிறைய" என்றேன்.
அவரும் நிறைய என்றே எழுதிக்கொண்டு
இரும்புச்சத்து மாத்திரைக்குச் சீட்டு கிழித்தார்.

பங்க்கில் கழிப்பறை உண்டு.
சாவி மேனேஜர் டிராயரில்.
கேட்கும்போதெல்லாம்
கல்லாவில் இருக்கும் நாலு தலையும் நிமிரும்.
உள்ளே குப்பைக்கூடை கிடையாது.
கொளுத்திவிடலாம் என்றால்
தீக்குச்சி உரசவே கூடாத இடம்.
ஆகவே பழைய பேப்பர், மேலே கறுப்புக் கவர்,
அதற்கும் மேலே டிபன் பை.
ஷிஃப்ட் முழுக்க என்னோடு இருந்து
ஷேர் ஆட்டோவில் என்னோடு வீட்டுக்கு வந்து
மறுநாள் காலை குப்பை வண்டியேறிக்
கொடுங்கையூர் போகும்.

போய்த் தொலையவும் தொலையாது.
வெயில் காலத்தில் மேடு பற்றிக்கொண்டால்
புகை எங்கள் தெருவுக்குத்தான் திரும்பி வரும்.
ஜன்னலைச் சாத்தும்போது நினைப்பேன்:
இதில் என்னுடையது எது?

ஏர் பிடிக்கிற தேசம்மாதான் கப்பைப் பற்றிச் சொன்னாள்.
"டியூப்பு மாரிதாண்டி.
வால்வு கரெக்டா ஒக்காந்துச்சுன்னா லீக் ஆவாது."
நிலோஃபர் முகம் சுளிக்கவில்லை,
"எனக்கு வேணாம்" என்றாள், அவ்வளவுதான்.
அவள் தானே தைத்துக்கொள்கிறாள்:
நடுவில் நாலு மடிப்பு பழைய லுங்கி,
அடியில் கிழிந்த குடையின் துணி,
இரண்டு பக்கமும் பிரஸ் பட்டன்.
மொட்டை மாடியில் நடுக்கொடியில் காயப்போடுகிறாள்.
வீட்டுக்காரம்மா கேட்டதற்கு
"வெயில் படணும்ல" என்றாளாம்.

சீட்டுப் பணத்தில் முந்நூற்றைம்பது உருவி வாங்கினேன்.
முதல் இரண்டு நாளும் நான் தோற்றேன்.
மடித்தால் விரலைவிட்டுத் துள்ளி
பக்கெட்டுக்குப் பின்னால் போய் விழும்.
குந்தி, ஒற்றைக்கால் தூக்கி, சுவரில் சாய்ந்து,
இருபத்தேழு வருஷமாய் நான் குடியிருக்கும் உடம்பில்
வழி தெரியாமல் நின்றேன்.
லாரித் தண்ணீர் வராத நாள் வேறு.
"எத்தினி சொம்பு?" என்று
வெளியிலிருந்து அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள்.
மூன்றாம் நாள்
சட்டென்று விரிந்து உட்கார்ந்தது வால்வு.
இரவு ஷிஃப்ட் முழுக்க நின்றேன்.
பின்பக்கத்தை யாரிடமும்
"பாருடி" என்று காட்டவில்லை.

கொதிக்கவைக்கச் சின்னதாய் ஒரு அலுமினியப் பாத்திரம்.
தம்பி கிஷோர் மூடியைத் திறந்தான்.
"முட்டையா?"
"இல்ல."
ஆவிக்குள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தான்.
"எத்தினி நிமிஷம்?"
"அஞ்சு. அடியில ஒட்ட உடாத."
ரசத்துக்குக் காவல் நிற்பதுபோல்
கரண்டியும் கையுமாக நின்றான்.

கப்பின் மேல் கோடுகள் உண்டு.
பதினைந்து. இருபத்தைந்து.
குளியலறை பல்புக்கு நேராகப் பிடித்தேன்.
நாப்கினில் பார்த்த கறை இல்லை இது,
கெட்டியாக, பளபளவென்று
ஒரு அளவாக இருந்தது.
ஊற்றிக் கழுவி மறுபடி வைக்கும்போது
பழக்கதோஷம்,
"ஜீரோ" என்று வாய் முணுமுணுத்தது.

காலையில் டென்சிட்டி குறிக்கிற பேனாவால்
காலண்டர் தாளின் பின்புறம் எழுதினேன்.
இருபத்திரண்டு. இருபத்தைந்து. மறுபடி இருபத்தைந்து.
பதினெட்டு.
ஒரு நாள் மட்டும் கை தவறிக் கொட்டிவிட்டது,
அதற்குக் கேள்விக்குறி.

மூன்று மாதத் தாளையும் மடித்து எடுத்துப்போனேன்.
டாக்டரம்மா நிமிராமலே கேட்டார்,
"எவ்ளோ போகுது?"
மேசைமேல் விரித்தேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
பேனா முனையால் மேலிருந்து கூட்டினார்,
பிறகு கீழிருந்து.
"இந்தக் கேள்விக்குறி?"
"சிந்திடுச்சு மேடம்."
ஸ்கேனுக்கு எழுதுகிறேன் என்று
வேறு சீட்டு எடுத்தார்.
கணக்கில் ஒரு புள்ளி பிசகவில்லை.